தூபாக் கட்டின்மேல் உட்கார்ந்தவள்

கல்லாற்றுத் தோட்டத்தில் மருதம்மாளுக்கு நல்ல பெயர் கிடையாது. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், வேலை வாங்கும் தண்டல் ஒரு வார்த்தை சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். ரப்பர்ப் பால் நிறுக்கும்போது தராசைத் தட்டிப் பார்ப்பாள். கோயில் திருவிழாவில் பெண்களுக்குக் கடைசிப் பந்தியில் வடித்த கஞ்சியும் ஒட்டிய சோறும்தான் மிஞ்சியது என்று, ஒரு வருஷம் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தவள் அவள். புருஷன் இருளப்பன் நேர்மாறு. யார் எது சொன்னாலும் தலையாட்டுவான். "நீ பேசுறதுக்கும் சேத்து நான் பேசாம இருக்கேன்" என்று அவளிடம் சிரிப்பான்.

தோட்டம் மலாய் நாட்டில் மெர்போக் பக்கத்தில் இருந்தது. ஜெராய் மலையில் பிறந்த ஓடை ஒன்று ரப்பர் மரங்களுக்கு நடுவே கல்லும் மணலுமாக இறங்கி வரும். அந்தத் தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் உண்டு. வெள்ளி உடம்பு, செவுளிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு. மலாய்க்காரர்கள் செலுவாங் என்பார்கள். தோட்டத்து ஜனங்கள் கோட்டுமீன் என்றார்கள். நீரோட்டத்துக்கு முகம் கொடுத்துக் கூட்டமாக நிற்கும். மேலேயிருந்து ஒரு எறும்பு விழுந்தால் போதும், அத்தனையும் ஒரே பாய்ச்சலில் திரும்பும். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அதை யாரும் மதித்ததில்லை. ரங்கூன் அரிசியும் கருவாடும் கடையில் கிடைத்த காலம். கோட்டுமீன் பூனைக்குத்தான்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை மோட்டார் வண்டியில் தெற்கே ஓடிப்போனான். பால் வெட்டு நின்றது. அரிசி குறைந்துகொண்டே வந்து, அப்புறம் பேருக்குத்தான் அரிசி என்றானது. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. துரை பங்களாவில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பட்டாளத்துச் சார்ஜனும் சில சிப்பாய்களும் வந்து தங்கினார்கள். துவான் என்றால் மலாயில் ஐயா; சார்ஜனைத் தோட்டத்தில் கண்ணாடித் துவான் என்று கூப்பிட்டார்கள். அவனுக்குக் கையும் காலுமாக இருந்தவன் தண்டல் பரஞ்சோதி.

பரஞ்சோதி அதற்கு முன்பு வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தான் இருந்தான். இப்போது குனிந்து வணங்கும் விதம் மட்டும் மாறியிருந்தது.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தபோது, பெரட்டில் நின்று பெயர்களைச் சொன்னதும் அவன்தான். "மூணே மாசம். அரிசி தருவாங்க, துணி தருவாங்க. திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்க" என்றான். இருளப்பன் வழக்கம்போலத் தலையாட்டினான். லாரி கிளம்பியபோது மருதம்மாள் பின்னாலேயே ஓடி, "ஏய்யா, ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லேன்யா!" என்று கத்தினாள். அவன் லாரிக்குள்ளிருந்து கையை மட்டும் அசைத்தான்.

மூன்று மாசம் போனது. அதற்கப்புறம் மாசத்தைச் சொல்லி யாரும் பேசிக்கொள்ளவில்லை.

லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுச் செல்லாயியின் புருஷனும் அதே லாரியில் போனவன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கால் வீங்க ஆரம்பித்து, வீக்கம் வயிற்றுக்கு ஏறி, ஒரு மத்தியானத்தில் இறந்துபோனான். கொஞ்ச நாளில் இளையவள் நவமணிக்கும் பாதம் பொதபொதவென்று ஆனது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. மருதம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டிரெஸ்ஸர் சிவகுரு, யாழ்ப்பாணத்துக்காரர், காலிப் போத்தல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"மருந்தெண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. கிழங்கை மட்டும் திண்டால் இப்பிடித்தான் வீங்கும். மீனோ, முட்டையோ, கீரையோ, எது கிடைக்குதோ அதைக் குடுங்கோ."

"மீனு எங்கேய்யா கிடைக்குது? பாசார்ல கருவாட்டு வாசனைகூட இல்ல."

"எனக்குத் தெரிஞ்சால் நானே வாங்கிச் சாப்பிட்டிருப்பன்" என்றார் அவர். அவர் காலும் வீங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஓடையைத் தாண்ட வேண்டும். மருதம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நடுக்கல்லில் நின்றுவிட்டாள். காலடியில் கோட்டுமீன்கள் வழக்கம்போலத் தலையை மேட்டுப்பக்கம் வைத்து நின்றன.

வலை கிடையாது. நூலும் கிடையாது. ஜனங்கள் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்த நேரம். அவள் தகரப்பெட்டியைத் திறந்து, தாலி கட்டிய அன்று உடுத்திய சிவப்பு நூல் சேலையை எடுத்தாள். கொசுவலை மாதிரி மெல்லிய சேலை. தண்ணீர் அதில் நிற்காமல் ஓடும். அவள் அதை ஓடைக்கரையில் விரித்ததும் செல்லாயி பதறிவிட்டாள்.

"அக்கா, இது உன் கூறைச்சேலை!"

"தெரியுது."

"அண்ணன் சயாம்ல இருக்கு. இந்த நேரத்துல கூறையைச் சேத்துல போட்டா லயத்துல என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். பேசுறவங்க வீட்டுல இன்னிக்கி மீனுக் கொழம்பு வைக்கச் சொல்லு. நான் சேலையை மடிச்சு உள்ள வெச்சுடறேன்."

இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடை குறுகும் இடத்தில் சேலையைக் குறுக்காகப் பிடித்தார்கள். மருதம்மாளின் மகள் இராசாத்தி மேட்டிலிருந்து தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டு இறங்கினாள். மீன்கள் கலைந்து கீழே பாய்ந்தன. சேலை கனத்தது. தூக்கியபோது சிவப்புத் துணிக்குள் வெள்ளியாகத் துள்ளியது. செல்லாயி, பிள்ளை செத்த பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததற்காக உடனே அழவும் செய்தாள்.

தலையும் முள்ளுமாக அப்படியே புளிச்சாற்றில் வேகவைத்து நவமணிக்கு ஊட்டினார்கள். வீக்கம் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. ஆனால் மேலே ஏறாமல் நின்றது. பிறகு மெல்ல மெல்ல வற்றியது. கூறைச்சேலையைப் பற்றிப் பேசிய பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சட்டியோடு ஓடைக்கு வந்தார்கள். மருதம்மாள் யாரையும் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டாதது அவள் வாழ்க்கையில் அபூர்வமாக நடந்த காரியம் என்று செல்லாயி பின்னால் சொல்வாள்.

அக்கரையில் மலாய்க்காரர்களின் கம்பம், அதாவது கிராமம். அங்கே இருந்த மாக் லீமா கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுப்பாள். மீனுக்கு உப்பு மாற்றிக்கொண்டார்கள். மழைக்குப் பிறகு வயிறு பெருத்த மீன்களை அவள் சட்டியிலிருந்து பொறுக்கித் திரும்ப ஓடையில் விடுவதை மருதம்மாள் பார்த்தாள். "தெலோர்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள் மாக் லீமா. முட்டை. அதற்குப் பிறகு தோட்டத்துப் பெண்களும் சினைமீனைத் தொடவில்லை.

பரஞ்சோதி ஒருநாள் கரையில் வந்து நின்றான்.

"இந்தா மருதம்மா, நாளையிலேருந்து பாதி மீனு பங்களாவுக்குப் போகணும். கண்ணாடித் துவான் சொல்லிட்டாரு."

அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். "துவானுக்குக் கை கால் நல்லாத்தான இருக்கு? ஓடையிலயும் எடம் இருக்கு. எறங்கிப் பிடிக்கச் சொல்லு."

"உன் அரிசி நின்னு போயிடும்."

"போடுற ஒரு கையரிசியில பாதி கல்லு. அதையும் நீயே வெச்சுக்க."

அரிசியை நிறுத்தித்தான் விட்டான். லயத்துப் பெண்கள் தங்கள் பங்கில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவன் தன் உறவுக்காரப் பையன்களைக் கொண்டு பங்களாவுக்கு மீன் பிடித்துப் பார்த்தான். சார்ஜனின் தட்டு ஓரளவு நிறைந்தது. அத்தோடு சில காலம் விட்டிருந்தான்.

பிறகு அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருகிறான் என்று செய்தி வந்தது. மத்தியானம் விருந்து. ஆடு, கோழி எதுவும் தோட்டத்தில் மிஞ்சியிருக்கவில்லை. பரஞ்சோதி தூபாவை நினைத்தான்.

தூபா ஒரு கொடி. அதன் வேரை இடித்துப் பிழிந்தால் பால் மாதிரி சாறு வரும். தண்ணீரில் ஊற்றினால் மீனுக்கு மூச்சு முட்டும். பெரியது, குஞ்சு, சினை எல்லாம் சேர்ந்து மல்லாந்து மிதக்கும். கைவிட்டு அள்ளிக்கொள்ளலாம். தோட்டத்தின் ஒரு மூலையில் பூச்சிமருந்துக்காக முன்பு துரை போட்ட தூபா இன்னும் இருந்தது. பரஞ்சோதி அதைத் தோண்டி மூன்று பெரிய கட்டுகளாகப் பெரட்டு மைதானத்தில் கொண்டுவந்து போட்டான். பக்கத்தில் உலக்கைகள்.

காலையில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். "எல்லாரும் உலக்கையை எடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள இடிச்சு மேட்டுல கொண்டுபோய் ஊத்தணும். ஓடை பூரா அள்ளணும். துவான் நமக்கும் கொஞ்சம் குடுப்பாரு" என்றான்.

யாரும் அசையவில்லை. மருதம்மாள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். உலக்கையை எடுக்கத்தான் வருகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் நேராகப் போய் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"எந்திரி."

"முடியாது."

"மருதம்மா, வெளையாடாத. துவான் வந்துட்டாருன்னா தலை போயிடும்."

"இன்னிக்கி ஒருநாள் அவன் தின்னுட்டுப் போயிடுவான். நாளைக்கு எம்புள்ளைக்கு என்ன குடுப்ப? நவமணி காலு மறுபடி வீங்குனா நீ வந்து தடவிக் குடுப்பியா? குஞ்சு, சினை எல்லாம் செத்துப்போனா அடுத்த மழைக்கு ஓடையில என்ன இருக்கும், தவளைகூட இருக்காது!"

அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. செல்லாயி வரிசையிலிருந்து வந்து இரண்டாவது கட்டின்மேல் உட்கார்ந்தாள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசக்கூடிய பெண் அல்ல அவள். மூன்றாவது கட்டின்மேல் ஒரே நேரத்தில் மூன்று பேர் உட்காரப் பார்த்து இடமில்லாமல் ஒருத்தி தரையில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டுக் கண்ணாடித் துவான் வந்தான். பரஞ்சோதி இடுப்புவரை குனிந்து, கைகளை ஆட்டி என்னவோ சொன்னான். சார்ஜனுக்குக் கொஞ்சம் கடைத்தெரு மலாய் வரும். மருதம்மாளுக்கும் அந்த அளவு வரும். தண்டலை இடையில் வைத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை.

"துவான்," என்றாள், உட்கார்ந்தபடியே. "ஈக்கான் சுமுவா மாத்தி. அனாக் லாப்பார். சாயா தாக் மாவ்." மீன் எல்லாம் சாகும், பிள்ளைக்குப் பசி, நான் மாட்டேன்.

அவன் அறைந்த அறையில் அவள் கட்டிலிருந்து உருண்டு விழுந்தாள். இடது காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு இரைச்சல் எழுந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு அவளுக்குக் கேட்கவே இல்லை. அவள் எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டு மறுபடி அதே கட்டின்மேல் போய் உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் ஒருத்தி, "அம்மாடி" என்றாள்.

சிப்பாய் ஒருத்தன் துப்பாக்கிப் பிடியால் அவளை இடித்துத் தள்ளினான். செம்மண் சரளையில் முழங்காலிட வைத்து அந்தத் தூபாக் கட்டையே அவள் தலையில் ஏற்றினார்கள். பச்சை வேர், மண்ணோடு கனத்தது. சார்ஜன் மற்றப் பெண்களைப் பார்த்து உலக்கைகளைக் காட்டினான்.

பெண்கள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள். முந்தானை இல்லாமல் சாக்கு உடுத்தியிருந்தவர்கள் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் இரண்டு பேரை அவன் அடித்தான். அடி வாங்கியவர்கள் அழுதார்கள். உலக்கையை எடுக்கவில்லை. எல்லோரையும் அடிக்க அவனுக்கு நேரமில்லை. அதிகாரி புறப்பட்டு வந்துகொண்டிருந்தான்.

"நானே இடிக்கிறேன் துவான்" என்று பரஞ்சோதி முன்னால் வந்தான். ஒரு கட்டைப் பிரித்து, சட்டையைக் கழற்றிவிட்டு உலக்கை போட்டான். ஓடைக்குப் போதுமான தூபா இடிக்க ஒரு லயமே வேண்டும். ஒருத்தன் இடித்தால் ஒரு குண்டான் சாறுகூட வராது. அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, தண்டல் வேர்க்க விறுவிறுக்க ஒற்றை ஆளாக இடித்தான். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அடுத்தவளுக்கும் தொற்றியது. சார்ஜன் கொஞ்ச நேரம் பார்த்தான். "பகேரோ!" என்று ஜப்பான் பாஷையில் திட்டிப் பரஞ்சோதிக்கும் ஒன்று வைத்தான்.

பிறகு சிப்பாய்களைக் கூப்பிட்டுக்கொண்டு பாலத்துக்குக் கீழே இருந்த ஆழ மடுவுக்குப் போனான். கையெறி குண்டு ஒன்றை வீசினார்கள். தோட்டம் அதிர்ந்தது. மடுவில் கிடந்த கெளுத்தியும் பெரிய கெண்டையும் வயிறு மேலே வர மிதந்தன. விருந்துக்கு அது போதும் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். பாறைகளுக்கு மேலே, முழங்கால் அளவு தண்ணீரில் இருந்த கோட்டுமீன்களை யாரும் நினைக்கவில்லை.

மைதானத்தில் மருதம்மாளை எழுந்திருக்கச் சொல்ல ஆள் இல்லை. செல்லாயி ஓடிவந்து கட்டை இறக்கப் போனாள்.

"தொடாத."

"போயிட்டான் அக்கா. எறக்கு. முட்டியில ரத்தமா வருது."

"ஏத்துனவன் வந்து எறக்கச் சொல்லட்டும். நான் முடியாம எறக்கிப் போட்டேன்னு நாளைக்கு அந்தத் தண்டல் பேசுவான்."

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமா. கொஞ்சம் தண்ணி குடு."

வெயில் உச்சிக்கு வந்தது. பெண்கள் வேலைக்குப் போகாமல் அவளைச் சுற்றி நின்று, தங்கள் நிழல் அவள்மேல் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். பங்களாவுக்குப் போகும் பாதை மைதானத்து ஓரமாகத்தான் போகும். அதிகாரியின் மோட்டார் வண்டி வந்து வேகம் குறைந்தது. உள்ளேயிருந்தவன் வேர்க்கட்டோடு முழங்காலிட்டிருந்த பெண்ணைக் கைநீட்டிக் காட்டி என்னவோ கேட்டான். எதிர்கொண்டு அழைக்க நின்ற சார்ஜன் முகம் சிவந்து, அவளைப் பார்த்துப் "பெர்கி! பெர்கி!" என்று கத்தினான். போ, போ.

"கேட்டுச்சு" என்று தமிழில் சொல்லி, மருதம்மாள் கட்டைத் தலையிலிருந்து தள்ளினாள். செல்லாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

விருந்து நடந்துகொண்டிருந்தபோதே மூன்று கட்டுத் தூபாவும் லயத்துக்குப் பின்னால் விறகோடு சேர்ந்து புகைந்து எரிந்தன. யார் கொளுத்தியது என்று பரஞ்சோதி வீடு வீடாகக் கேட்டான். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது: "தெரியாதுண்ணே."

அவன் கடைசியாக மருதம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தான். அவள் முழங்காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "பொம்பளைங்களையும் சயாமுக்குக் கூப்பிடுறாங்க. அடுத்த லாரியில மொத ஆளா உன்னை ஏத்துறேன் பாரு."

"ஏத்து. எம்புருஷன் அங்கதான இருக்கான்? போய்ப் பாத்துட்டாவது வர்றேன்."

அவன் ஏற்றவில்லை. அவளை ஏற்றினால் லாரிக்குக் குறுக்கே லயமே வந்து படுத்துவிடும் என்று பயந்தான் என்று சிலர் சொன்னார்கள். அவளைப்பற்றி மறுபடி சார்ஜனிடம் வாயைத் திறக்கவே அவனுக்குத் தைரியம் வரவில்லை என்று செல்லாயி சொன்னாள். எப்படியோ, அடுத்த மழைக்கு ஓடையில் குஞ்சு மீன்கள் நூல்நூலாக நிறைந்தன. பெண்கள் தொடர்ந்து பிடித்தார்கள். நவமணி நடந்தாள், ஓடினாள், மற்றப் பிள்ளைகளோடு சண்டையும் போட்டாள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். கொஞ்ச காலம் கழித்து சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். போனது ஒரு லாரி நிறைய. வந்தவர்கள் ஒரு மாட்டுவண்டியில் அடங்கினார்கள். செல்லாயியின் புருஷன் வரவில்லை. காலில் ஆறாத புண்ணோடு வந்த சின்னையா, மருதம்மாளின் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"சொல்லுண்ணே."

"காலராம்மா. ஆத்தோரத்துக் கேம்புல. நானும் கூடத்தான் இருந்தேன்."

"ஏதாவது சொன்னாரா?"

சின்னையா தயங்கினான். "வேலைக்கு எந்திரின்னு ஜப்பான்காரன் அடிச்சான். முடியாதுன்னு சொல்லிட்டாரு. தலையைத் தூக்கி, நல்லா சத்தமா சொன்னாரு. அன்னிக்கே போயிட்டாரு."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மாலையில் தாலியறுப்புக்காக வயதான பெண்கள் வெள்ளைத்துணியோடு வந்து கூடியபோது, கதவைத் திறந்து வாசலில் நின்றாள். கழுத்தில் தாலி இல்லை. "நானே கழட்டி வெச்சுட்டேன். ஊர் கூடி என்னை ஒக்கார வெச்சு அழ வைக்க வேணாம். எனக்கு அழத் தெரியும். போய் வாங்க" என்றாள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். செல்லாயி மட்டும் உள்ளே போய் அவளோடு இருந்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் யாருக்காக எவ்வளவு அழுதார்கள் என்று லயத்துக்குத் தெரியாது.

வெள்ளைக்காரத் துரை ஒருவன் வந்தான், புதியவன். மிஞ்சிய மரங்களில் மறுபடி பால் வெட்டச் சொன்னார்கள். முதல் நாள் பெரட்டு. துரைக்குப் பக்கத்தில், வெளுத்த சட்டையும் கையில் பிரம்புமாகப் பரஞ்சோதி நின்றான். வணங்கும் விதத்தைத் திரும்ப மாற்றியிருந்தான்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தான். மருதம்மாள் பெயர் வந்தது. பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டான்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் அவள். "நீ கூப்பிட்டா வரமாட்டேன்." பிறகு துரை பக்கம் திரும்பினாள். "துரை, இவன் தண்டலா இருந்தா நான் மரத்தைத் தொடமாட்டேன். எங்க ஆம்பளைங்களை லாரியில ஏத்துனவன் இவன். எங்க புள்ளைங்க வாயில இருந்த மீனை ஜப்பான்காரனுக்குக் குடுக்கப் பாத்தவனும் இவன்தான்."

துரைக்குத் தமிழ் அரைகுறை. பக்கத்தில் நின்ற கணக்குக் கிராணியைப் பார்த்தான். கிராணி அருளம்பலம் இத்தனை வருஷமும் யாருக்கும் எதிராக வாய் திறக்காதவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். பரஞ்சோதி குறுக்கே பேச வாயெடுத்தான். துரை கையைக் காட்டி நிறுத்தினான்.

"மற்றவங்க?" என்று துரை கேட்டான்.

செல்லாயி தன் பால் வாளியைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நெடுக வாளிகள் கவிழ்ந்தன. தகரச் சத்தம் அடங்க நேரமானது.

அன்று யாரும் பால் வெட்டவில்லை. மறுநாளும் வெட்டவில்லை. அதற்கு அடுத்த நாள் பரஞ்சோதி தன் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பண்டார் பாரு பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனான். அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை, மாற்றினார்கள், அவ்வளவுதான். மருதம்மாளுக்கு அது போதவில்லை. ஜெயிலுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று துரையிடமே சொன்னாள். துரை கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

புதிய தண்டல் வந்தான், பிச்சை என்று பெயர், சத்தம் போட்டுப் பேசாதவன். முதல் நாள் பெரட்டில் அவள் பெயரைக் கொஞ்சம் பயந்துதான் கூப்பிட்டான். கேட்காத காதுப்பக்கம் அவன் நின்றதால் அவள் திரும்பவில்லை. அவன் சுற்றி மறுபக்கம் வந்து மறுபடி கூப்பிட்டான்.

"இருக்கேன்" என்று சொல்லி, மருதம்மாள் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு தன் மர நிரைக்குப் போனாள்.